பன்றிக்குப் போட்ட மருந்து மனிதனுக்குக் கேட்காமல் போன கதை



இந்த மாதம் பன்றிப் பண்ணைகளைப் பற்றி எழுதுகிறேன். "நமக்கும் பன்றிக்கும் என்னங்க சம்பந்தம்? நாங்க அதைத் தொடுறதே இல்லையே" என்று உங்களில் சிலர் கேட்கலாம். பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஏறெடுத்தும் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் இதை ஒரு முறை படித்து விடுங்கள். சொல்லப் போகும் விஷயம் மருந்தைப் பற்றியது. நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால், அங்கே போடும் ஊசி கேட்குமா கேட்காதா என்பதைப் பற்றியது.

"ஆன்டிபயாடிக்" என்ற சொல் இன்று எல்லார் வாயிலும் வருகிறது. பாக்டீரியா என்னும் கிருமிகளைக் கொல்லும் மருந்துகளுக்குத்தான் அந்தப் பெயர். சீழ் பிடித்த புண், நிமோனியா, மூளைச் சவ்வுக் காய்ச்சல், பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல் என்று நம் பாட்டன் பாட்டி காலத்தில் ஆளைக் கொண்டுபோன நோய்களை எல்லாம் இந்த மருந்துகள் அடக்கின. ஆனால் கிருமிகள் மருந்துக்கு மசியாமல் மாறிக்கொண்டு வருகின்றன. மருந்து கேட்காத இத்தகைய கிருமிகளால் மட்டும் 2019-ஆம் ஆண்டில் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இப்படி ஆனதற்கு ஆஸ்பத்திரிகளும் காரணம், நாமும் காரணம். மிருகப் பண்ணைகளும் ஒரு பெரிய காரணம்.

கூட்டமாக அடைத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்

முன்பெல்லாம் புதுக்கிராமங்களில் சீனக் குடும்பங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பன்றிகளை வளர்த்தன. மிச்சச் சோறும் கீரைத் தண்டும்தான் தீவனம். இன்று பன்றி வளர்ப்பு ஒரு தொழிற்சாலை. ஒரே கொட்டகையில் நூற்றுக்கணக்கில், ஒரே பண்ணையில் ஆயிரக்கணக்கில் அடைத்து வைக்கிறார்கள். ஒன்று தும்மினால் பத்துக்கு ஒட்டும். ஒன்று கழிந்தால் அந்தக் கழிவில்தான் மற்றவை நிற்க வேண்டும்.

இதில் குட்டிகளின் பாடுதான் மோசம். காட்டில் திரியும் தாய்ப்பன்றி தன் குட்டிக்கு ஏறக்குறைய 3 மாதம் பால் கொடுக்கும். பண்ணையில் 3 அல்லது 4 வாரத்திலேயே குட்டியைப் பிரித்து விடுகிறார்கள். தாய் சீக்கிரம் அடுத்த ஈற்றுக்குத் தயாராக வேண்டுமே! பால்குடி மறக்கும் குழந்தைக்கு வயிறு கெடும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். பன்றிக்குட்டிக்கும் அதே கதைதான். தாய்ப்பாலில் கிடைத்த பாதுகாப்பு போய்விடுகிறது, புதுத் தீவனம் ஒத்துக்கொள்வதில்லை, முன்பின் தெரியாத குட்டிகளோடு புது இடத்தில் நெருக்கியடித்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்து இ. கோலி என்ற பாக்டீரியா குடலில் பெருகித் தண்ணீர் தண்ணீராகக் கழிகிறது. இரண்டொரு நாளில் குட்டி செத்தும் போகலாம்.

கொட்டகையைச் சுத்தமாக வைத்து, நெருக்கத்தைக் குறைத்து, குட்டியை இன்னும் சில வாரம் தாயிடம் விட்டால் இந்த நோய் குறையும். ஆனால் அதற்குச் செலவாகும். அதைவிட மலிவான வழி, எல்லாக் குட்டிகளுக்கும் தீவனத்திலேயே மருந்தைக் கலந்து விடுவது! நோய் வந்ததற்கும் அதே மருந்து, வராததற்கும் அதே மருந்து.

இதில் இன்னொரு ஆசையும் சேர்ந்துகொண்டது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். கொஞ்சம் ஆன்டிபயாடிக்கைத் தினமும் தீவனத்தில் சேர்த்தால் கோழியும் பன்றியும் சீக்கிரம் எடை போடுகின்றன. அவ்வளவுதான், மருந்து தீவனச் சாமான் ஆகிவிட்டது. நோய் தீர்க்கக் கண்டுபிடித்ததை மாமிசம் கூட்டக் கொட்ட ஆரம்பித்தார்கள்.

கிருமி எப்படித் தப்புகிறது?

இதை விளக்கத் தோட்டத்தில் மருந்தடிக்கும் தோழர்களைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஒரே களைக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அடித்துப் பாருங்கள். முதலில் எல்லாப் புல்லும் காயும். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புல் காயாமல் நிற்கும். அந்தப் புல்லின் விதைதான் அடுத்து முளைக்கும். சில ஆண்டுகளில் அந்த இடம் முழுக்க மருந்துக்குக் காயாத புல்லே பரவி நிற்கும். மருந்தே அந்தப் புல்லைப் பொறுக்கியெடுத்து வளர்த்துவிட்டது.

பன்றியின் குடலிலும் இதுதான் நடக்கிறது. கோடிக்கணக்கான கிருமிகளில் இரண்டொன்று பிறவியிலேயே மருந்தைத் தாங்கும். மற்றவை சாக, அவை பெருகும். புல் விதை போட ஒரு பருவம் வேண்டும். பாக்டீரியாவோ வசதி கிடைத்தால் அரை மணிக்குள் ஒன்று இரண்டாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு, இதுதான் பயங்கரம். லயத்தில் அரிசி தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குகிறோம் அல்லவா? பாக்டீரியாவும் அப்படியே. மருந்தைத் தாங்கும் வித்தையை ஒரு கிருமி அடுத்த கிருமிக்குக் கைமாற்றாகக் கொடுக்கும். தன் இனத்துக்குத்தான் கொடுக்கும் என்றில்லை, வேற்றுஜாதிக் கிருமிக்கும் கொடுக்கும். பன்றிக் குடலில் கற்ற வித்தை மனிதக் குடலில் இருக்கும் கிருமிக்கு வந்து சேருவது இப்படித்தான்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு வாங்கியபோதே இந்த ஆபத்தைச் சொல்லி எச்சரித்தார். கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால், அதைத் தாங்கிக்கொள்ள அதற்குக் கற்றுக் கொடுத்தது போலாகும் என்பதே அவர் சொன்னதன் சாரம். பண்ணைத் தீவனத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தது அதே தப்புத்தான்.

கடைசி மருந்துக்கு வந்த கதி

இனி கொலிஸ்டின் என்ற மருந்தின் கதையைக் கேளுங்கள். 1950 வாக்கில் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள். கொஞ்ச காலம் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார்கள். மனிதருக்கு வேண்டாம் என்று ஒதுக்கியது பண்ணைக்குப் போயிற்று. குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கு நல்ல மலிவான மருந்தாயிற்றே! பல நாடுகளில் டன் கணக்கில் தீவனத்தில் கலந்தார்கள்.

காலம் திரும்பியது. ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு மருந்தாகக் கேட்காமல் போனபோது, டாக்டர்கள் மூலையில் கிடந்த கொலிஸ்டினைத் திரும்ப எடுத்தார்கள். சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான், ஆனால் வேறு எதுவும் கேட்காத நோயாளிக்கு அதை விட்டால் கதியில்லை. தீவிர சிகிச்சை வார்டில் கடைசிக் கையிருப்பாக அது நின்றது.

பண்ணைகளிலோ அதே மருந்து தீவனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

2013 ஜூலையில் சீனாவின் ஷாங்காய் நகருக்கு அருகே ஒரு பண்ணையில் ஒரு பன்றியிலிருந்து எடுத்த இ. கோலி கிருமி, கொலிஸ்டினுக்குச் சாகவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது, மருந்தைத் தாங்கும் வித்தை கைமாற்றாகப் போகக் கூடிய மரபணுத் துண்டில் இருந்தது. எம்.சி.ஆர்-1 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கொலிஸ்டினை எதிர்க்கும் கிருமிகளை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சக்தி ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவிப் போவதை அதற்கு முன் கண்டதில்லை. 2015 நவம்பரில் செய்தி வெளியானதும் உலகம் முழுவதும் டாக்டர்கள் கலங்கிப் போனார்கள்.

அந்த ஆய்வின் கணக்கைப் பாருங்கள். அறுப்புக்கு வந்த பன்றிகளில் சோதித்த 804 மாதிரிகளில் 166-இல் இந்த மரபணு இருந்தது. கடைகளில் வாங்கிய பச்சை இறைச்சி மாதிரிகள் 523-இல் 78-இல் இருந்தது. ஆஸ்பத்திரி நோயாளிகள் 1,322 பேரில் 16 பேரிடம் இருந்தது. பன்றியிடம் அதிகம், இறைச்சியில் அதைவிடக் குறைவு, மனிதரிடம் கொஞ்சம். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு வருகிறது என்று நீங்களே யூகிக்கலாம். பிறகு தேடத் தேட நாட்டுக்கு நாடு கிடைத்தது. நம் மலேசியாவில் எடுத்த கிருமிகளிலும் அது இருந்ததாக 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

"நான் பன்றி சாப்பிடலையே, எனக்கு எப்படி வரும்?" என்றால், வழிகள் பல. பண்ணையில் வேலை செய்கிறவர் கையிலும் மூக்கிலும் உடுப்பிலும் வரும். கழிவுநீர் ஓடையில் கலந்து வரும். சாணத்தை உரமாகப் போட்ட காய்கறித் தோட்டத்திலிருந்து வரும். இறைச்சி வெட்டிய பலகையிலிருந்து வரும். கோழிப் பண்ணைகளிலும் இதே மருந்துகளைக் கலந்திருக்கிறார்கள். கோழி சாப்பிடாத வீடு எத்தனை? கிருமி மதம் பார்ப்பதில்லை, ஜாதி பார்ப்பதில்லை.

முதலில் தொற்றுவது தொழிலாளிக்கு

தொழிலாளர் பத்திரிகை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பண்ணையில் எது கெட்டாலும் முதல் அடி அங்கே கைவைத்து வேலை செய்கிறவனுக்குத்தான்.

2004-இல் ஹாலந்தில் அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்த 6 மாதப் பெண்குழந்தையைச் சோதித்தபோது, பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி இருந்தது. அது சீழ் வைக்கும் கிருமி. குழந்தையின் பெற்றோர் பன்றி வளர்ப்பவர்கள். பிறகு அந்தப் பகுதியில் பன்றி வளர்ப்போரைச் சோதித்தார்கள். பொதுஜனங்களைவிட 760 மடங்கு அதிகமாக அவர்களிடம் இந்தக் கிருமி இருப்பதாகக் கணக்கிட்டார்கள். பலருக்கு மூக்கில் சும்மா இருக்கும், ஒன்றும் செய்யாது. உடம்பில் கத்தி வைக்கும்போதுதான் வினை.

2005-இல் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற பன்றிக் கிருமி 215 பேரைத் தாக்கி 38 பேரைக் கொன்றது. பெரும்பாலோர் நோயில் விழுந்த பன்றியையோ செத்த பன்றியையோ வீட்டில் அறுத்த விவசாயிகள். கையில் இருந்த சிறு வெட்டுக்காயமே கிருமிக்கு வாசலாயிற்று. இந்தக் கிருமி மூளைச் சவ்வைத் தாக்கினால், பிழைத்தவர்களிலும் பலருக்குக் காது கேட்காமல் போய்விடும். பண்ணைகளில் நெடுங்காலம் கொட்டிய டெட்ராசைக்ளின் மருந்துக்கு இது பெரும்பாலும் மசிவதில்லை. நல்ல வேளையாகப் பென்சிலின் கேட்கிறது. அதையும் தீவனத்தில் கொட்டிக் கெடுத்துவிடக் கூடாது.

நம் நாட்டு நிப்பா நோயை மறந்திருக்க மாட்டீர்கள். 1998 செப்டம்பரில் பேராக் கிந்தாவில் ஆரம்பித்து நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்கில் பரவி, 1999-க்குள் 265 பேரைத் தாக்கி 105 உயிரைக் கொண்டுபோயிற்று. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். சிங்கப்பூரில் நோய் கண்ட 11 பேரும் அறுப்புக்கூடத்தில் வேலை செய்தவர்கள், ஒருவர் இறந்தார். நிப்பா ஒரு வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. இங்கே அதைச் சொல்வதற்குக் காரணம், அங்கும் முன்வரிசையில் நின்றவன் தொழிலாளிதான் என்பதற்காக.

தடுத்தால் தடுக்கலாம்

இவ்வளவு பயங்காட்டிவிட்டு நிறுத்தினால் அது நியாயம் ஆகாது. நல்ல செய்தியும் இருக்கிறது.

டென்மார்க் பன்றி ஏற்றுமதியில் பேர்போன நாடு. எடை கூட்ட மருந்து கலப்பதை 1990-களின் கடைசியில் அங்கே படிப்படியாக நிறுத்தினார்கள். "தொழிலே படுத்துவிடும்" என்று பயந்தவர்கள் உண்டு. நடந்தது என்ன? 1992-இல் ஆண்டுக்கு 1 கோடியே 84 லட்சம் பன்றிகளை வளர்த்த நாடு 2008-இல் 2 கோடியே 71 லட்சம் வளர்த்தது. ஒரு கிலோ பன்றிக்குச் செலவான மருந்தோ பாதிக்கு மேல் குறைந்தது. நோயுற்ற பன்றிக்கு அங்கேயும் மருந்து உண்டு. மிருக வைத்தியர் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் எடை கூட்டும் மருந்துகளுக்கு 2006 ஜனவரி முதல் தடை வந்தது.

சீனா 2017 ஏப்ரல் கடைசியில், எடை கூட்டக் கொலிஸ்டின் கலப்பதைத் தடை செய்தது. தீவனக் கலவைக்கான கொலிஸ்டின் உற்பத்தி 2015-இல் 27,170 டன்னாக இருந்தது. 2018-இல் 2,497 டன்னாக இறங்கியது. பன்றிகளிடம் எடுத்த மாதிரிகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத இ. கோலி, தடைக்கு முன் 100-க்கு 34 இருந்தது. தடைக்குப் பின் 100-க்கு 5 ஆனது. குவாங்சோ நகரில் சோதித்த மனிதர்களில் 2016-இல் 100-க்கு 14 பேரிடம் எம்.சி.ஆர்-1 இருந்தது, 2019-இல் 6 பேரிடம்தான் இருந்தது. பண்ணையில் நிறுத்தினார்கள், மனிதக் குடலில் குறைந்தது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மலேசிய அரசாங்கமும் 2019 ஜனவரி 1 முதல், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது, கொட்டகை வரைக்கும் போக வேண்டும். ஒரு மருந்தைத் தடுத்தால் இன்னொரு மருந்தைக் கொட்டும் பழக்கமும் வரக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

பண்ணைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்தால் பயனில்லை. பன்றிக் கொட்டகையில் நடந்தது நம் லயத்து வீட்டிலும் சிறு அளவில் நடக்கிறது. "ஐயா, சாதாரண மாத்திரை வேணாங்க, நல்லா வேகமான கேப்சூலாக் கொடுங்க" என்று கிளினிக்கில் கேட்காதவர் குறைவு. மாத்திரை இல்லாமல் அனுப்பினால் முகம் வாடிப் போகிறது. ஆகவே:

1. தடிமல், சாதாரண இருமல், பெரும்பாலான தொண்டைவலி எல்லாம் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றுக்குக் கேட்காது. வற்புறுத்தி வாங்காதீர்கள்.

2. கொடுத்த மருந்தைச் சொன்ன வேளைக்குச் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். மிச்சம் வைத்து அடுத்த காய்ச்சலுக்கு எடுப்பதும், அக்கா வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதும் கூடாது. அரிசியைக் கைமாற்றுக் கொடுங்கள், மருந்தைக் கொடுக்காதீர்கள்.

3. வீட்டுக் கோழிக்குச் சீக்கு, ஆடு கழிகிறது என்றால் மனிதர் சாப்பிடும் கேப்சூலைப் பிரித்துத் தவிட்டில் கலக்காதீர்கள். மாவட்டக் கால்நடை இலாகாவில் சொல்லுங்கள். நோய் வந்ததைத் தனியே கட்டுங்கள், கொட்டகையைக் காயவையுங்கள்.

4. தோட்டத்தை விட்டுப் போய்ப் பண்ணையிலோ அறுப்புக்கூடத்திலோ வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பூட்ஸும் கையுறையும் இல்லாமல் கழிவில் இறங்கக் கூடாது. காயத்தைப் பிளாஸ்டர் போட்டு மூட வேண்டும். வீடு திரும்பும் முன் சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பு மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் "நான் பண்ணையில் வேலை செய்கிறேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கலாம்.

5. காட்டுப்பன்றி அடிக்கும் தோழர்களே, காயமுள்ள கையோடு அறுக்காதீர்கள். செத்துக் கிடந்ததை எடுக்காதீர்கள். எந்த இறைச்சியானாலும் உள்ளே சிவப்பு இல்லாமல் நன்றாக வேக வையுங்கள். வெந்தால் கிருமி சாகும். பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெங்காயம் நறுக்காதீர்கள்.

6. பன்றியோடு புழங்கியவருக்குக் கடுங்காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, காது மந்தம் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

7. பிள்ளைகளுக்குத் தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். நோயே வராவிட்டால் மருந்துக்கு வேலை இல்லை.

சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் உடல்நலத்தைக் காக்கும் கடமையை முதலாளி மேல் வைத்திருக்கிறது. பூட்ஸ், கையுறை, கழுவத் தண்ணீர், சோப்பு இவை யாரும் போடும் பிச்சை இல்லை. தான் தினமும் மூட்டை பிரித்துக் கொட்டும் தீவனத்தில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று கேட்கிற உரிமையும் பண்ணைத் தொழிலாளிக்கு வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் "வேலையைப் பாரு" என்பார்கள். சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

லயத்துப் பொதுக் குழாயை யாராவது ஒருவர் திறந்தபடி விட்டுப் போனால், கடைசி வீட்டுக்காரருக்குத் தண்ணீர் வராது. மருந்தும் அப்படிப் பொதுச் சொத்துத்தான். பண்ணையில் வீணாகக் கொட்டினாலும், நாம் வீணாக விழுங்கினாலும், வேண்டிய நேரத்தில் வேண்டியவருக்கு அது கேட்காமல் போகும். அந்த வேண்டியவர் பெரும்பாலும் ஒரு கைக்குழந்தையாகவோ, பிள்ளை பெற்ற தாயாகவோ, நம் வீட்டுக் கிழவராகவோ இருப்பார்.

இதைப் படித்தபின் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பழைய கேப்சூல் மிச்சம் இருந்தால் கிளினிக்கில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.